அகழிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

ஜூலையில் ஜெர்மனியின் டியூசல்டோர்ஃபில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வருகிறீர்கள். கூடவே முழங்கால் வலியுள்ள அம்மாவும் ஒன்பது வயது மகனும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும் பழைய கோட்டை ஒன்றின் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அது அரசாங்கத்துடையது இல்லை, ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது என்று தெரிந்ததும், "வாசலில் மணியடித்துக் கேட்டால் உள்ளே விடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது திறக்கும் நேரத்தையோ கட்டணத்தையோ இல்லை என்று நினைக்கிறேன். அவை இணையத்திலேயே கிடைக்கும். ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்குள், அவருக்குத் தொந்தரவாகவும் நமக்கு அவமானமாகவும் ஆகாமல், எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் கட்டடப் பொறியாளர். மியூன்ஸ்டர் பக்கத்தில் பழைய கட்டடங்களின் அடித்தளங்களைச் சோதிப்பது என் வேலை. பதினாறு வருடமாக இப்படிப்பட்ட வீடுகளின் நிலவறைகளிலும் அகழிச் சேற்றிலும் நின்றிருக்கிறேன். மணியடிக்காதீர்கள் என்பதுதான் என் நேரடியான பதில். ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். தனியார் நீர்க்கோட்டைகளில் கணிசமானவை ஏதோ ஒரு வழியில் திறந்திருக்கின்றன. அந்த வழி எது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் போதும்.

இந்தக் கோட்டைகள் ஏன் தண்ணீருக்குள் நிற்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பார்க்கும்போது அது உதவும். நடு ரைன் நதிக் கரையில் கோட்டைகள் மலை மேல் இருக்கும். மியூன்ஸ்டரைச் சுற்றிய மியூன்ஸ்டர்லாந்தும் கீழ் ரைன் பகுதியும் தட்டையான பூமி. ஏறி நிற்க ஒரு பாறை கிடையாது. தோண்டினால் சீக்கிரமே தண்ணீர் வந்துவிடும். எனவே அந்தத் தண்ணீரையே மதிலாக்கிக்கொண்டார்கள். அகழ்ந்ததால் அகழி என்கிறோம் அல்லவா? அப்படித் தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன் மேல் வீட்டைக் கட்டினார்கள். அகழிக்கு இந்த வட்டார மக்கள் சொல்லும் பெயர் க்ரெஃப்ட்ட. பெரும்பாலான இடங்களில் இரண்டு தீவுகள் இருக்கும். முன் தீவில் தொழுவம், களஞ்சியம், வேலைக்காரர் வீடு. அதை ஃபோர்புர்க், அதாவது முன்கோட்டை என்பார்கள். அங்கிருந்து இன்னொரு பாலத்தைக் கடந்தால் உரிமையாளரின் வீடு. இந்த இரண்டு தீவு அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் வருகிறவர்களுக்கான எல்லை பெரும்பாலும் அந்த இரண்டாவது பாலத்தில்தான் இருக்கிறது.

ஒரு முறை எனக்கே இது தெரியாமல் போனது. இந்த ஊருக்கு வந்த புதிது. சைக்கிளில் போகும்போது ஓர் ஆலமரம் போல விரிந்த பீச் (beech) என்ற காட்டு மரமும், அதற்குப் பின்னால் தண்ணீரும், சிவப்புச் செங்கல் கோபுரமும் தெரிந்தன. கேட் திறந்திருந்தது. பூங்கா என்று நினைத்து உள்ளே போய், முதல் பாலத்தைத் தாண்டி, இரண்டாவதையும் தாண்டிவிட்டேன். முற்றத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் கிடந்தது. வயதான அம்மையார் ஒருவர் சமையலறைக் கதவில் வந்து நின்று, கோபப்படாமல், "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தபோது, அந்தப் பாலம் வரும்போது இருந்ததைவிட நீளமாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. துணி காயும் முற்றம் வீடு. நுழைவுச்சீட்டு விற்கும் ஜன்னல் இருந்தால் அருங்காட்சியகம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், கயிறு கட்டியிருக்கும் இடம் வரைதான் நமக்கு.

பலகைகளை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். "பிரிவாட்" என்றால் தனியார் இடம். "பெட்ரேட்டன் ஃபெர்போட்டன்" என்றால் நுழையத் தடை. பலகை சும்மா வைத்ததில்லை. வேலியிட்ட இடத்துக்குள் உரிமையாளர் விருப்பமின்றி நுழைவது ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 123-ஆம் பிரிவின் கீழ் குற்றம். இன்னொரு பக்கமும் உண்டு. சுற்றியிருக்கும் காடு அதே குடும்பத்துக்குச் சொந்தமானாலும், காட்டில் இளைப்பாறுவதற்காக நடப்பதற்கு எல்லோருக்கும் கூட்டாட்சி வனச் சட்டம் உரிமை தருகிறது. ஆகவே உள்ளே போக முடியாத கோட்டையைக்கூடக் காட்டுப் பாதையிலிருந்தோ ஊர்ப் பாதையிலிருந்தோ தண்ணீருக்கு அப்பால் நின்று பார்க்க முடிவதுண்டு. மியூன்ஸ்டர்லாந்தில் இருக்கும் டார்ஃபெல்ட் கோட்டை அப்படிப்பட்ட இடம். 1612-இல் சிற்பி கெர்ஹார்ட் க்ரோனிங்கர் எட்டுப் பக்க மாளிகையாகத் தொடங்கிய அந்த வேலை முழுதாக முடியவேயில்லை. நிற்கும் பகுதியில் இத்தாலியப் பாணியில் இரண்டு அடுக்கு வளைவு மாடங்கள் தண்ணீரில் நிழலாடும். அது குடும்பத்தின் வீடு. உள்ளே நமக்கு இடமில்லை. தூரத்தில் நின்று பார்த்ததில் எனக்குக் குறை எதுவும் தோன்றியதில்லை.

சில குடும்பங்கள் ஏன் திறக்கின்றன, சில ஏன் திறப்பதில்லை? பெருந்தன்மை ஒரு பகுதி, செலவு ஒரு பகுதி, சட்டம் ஒரு பகுதி. 1919-இல் வைமார் அரசியலமைப்பு பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது. கிராஃப் (பிரபு), ஃபூர்ஸ்ட் (சிற்றரசர்) போன்ற பட்டங்கள் வெறும் குடும்பப் பெயரின் துண்டுகளாகிவிட்டன. கோட்டை மட்டும் கையில் நின்றது, அதன் கூரையும் சேர்ந்து. பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்டதை அனுமதியின்றி இடிக்க முடியாது. விருப்பம்போல ஜன்னலைக்கூட மாற்ற முடியாது. அதற்கு ஈடாக வரிச் சட்டத்தில் தளர்வுகள் உண்டு. வாரிசு வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பாதுகாப்பது பொது நன்மைக்கு உரியதாகவும், ஆண்டுச் செலவு வரவைவிட அதிகமாகவும், ஆராய்ச்சிக்கோ பொதுமக்கள் கல்விக்கோ பயன்படும்படியும் இருக்கும் கட்டடங்களுக்கு மதிப்பில் 85 விழுக்காட்டை விலக்குகிறது. குடும்பத்தின் கையில் 20 வருடம் இருந்து, பாரம்பரியப் பாதுகாப்பு விதிகளுக்கும் உட்பட்டால் முழு விலக்குக்கு வழி உண்டு. நான் வரி ஆலோசகன் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் இதை எப்படிப் பயன்படுத்துகிறது என்பது என் துறைக்கு வெளியே. ஆனாலும் வாசலில் நுழைவுச்சீட்டு விற்பவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஓட்டுக் கூரையின் ஒரு பக்கத்தை மாற்ற ஆகும் செலவை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

உங்கள் மூன்று பேருக்கும் நான் சொல்லும் இடம் அன்ஹோல்ட். டச்சு எல்லையை ஒட்டி, இஸெல்புர்க் நகராட்சியில் இருக்கிறது. டியூசல்டோர்ஃபிலிருந்து ஏ3 நெடுஞ்சாலையில் காரில் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து சால்ம் வம்சத்தின் கையில் இருக்கிறது. இன்றும் சால்ம்-சால்ம் குடும்பத்தின் சொத்துதான். "பருத்த கோபுரம்" என்று அழைக்கப்படும் இடைக்காலக் கோபுரம்தான் அங்கே மிகப் பழையது. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் ரைனைக் கடக்கும் சண்டையில் கோட்டையின் பெரும்பகுதி சிதைந்தது. குடும்பம் அதைத் திரும்ப எழுப்பி, 1966-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. நாற்காலிகளும் திரைச்சீலைகளும் நூலகமும் எங்கிருந்தோ வாங்கி வைத்த காட்சிப் பொருள்கள் இல்லை, அந்த வீட்டில் புழங்கியவை. அரசு அருங்காட்சியகங்களில் கிடைக்காத ஒன்று இது. பொருளும் அது இருந்த அறையும் இன்னும் பிரியவில்லை.

அங்கே ஓவியங்களுக்கு நடுவே டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1634-இல் வரைந்த ஒன்று தொங்குகிறது. தேவதை டயானா தோழியரோடு குளிக்கிறாள். ஒரு பக்கத்தில் ஆக்டேயன் என்ற வேட்டைக்காரன் தன் நாய்களோடு தெரியாமல் அந்த நீர்நிலைக்கு வந்துவிடுகிறான். பார்க்கக் கூடாததைப் பார்த்த குற்றத்துக்கு அவன் தலையில் ஏற்கெனவே மான்கொம்பு முளைக்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் முழு மானாகி, தன் நாய்களாலேயே கிழிபடப் போகிறான். மறுபக்கத்தில் கலிஸ்டோ என்ற தோழி கர்ப்பமாக இருப்பது வெளிப்படுகிறது. அடுத்தவருடைய தண்ணீருக்குள் வழி தவறி வந்தவனின் கதை, அகழி சூழ்ந்த ஒரு தனியார் வீட்டின் சுவரில் இருக்கிறது. முதன்முறை அதன் முன் நின்றபோது எனக்கு அந்தச் சமையலறைக் கதவும் அம்மையாரும்தான் நினைவுக்கு வந்தார்கள். உங்கள் மகனுக்குக் கதையை முன்பே சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். கொம்பை அவனே கண்டுபிடிக்கட்டும்.

வெளியே ஆங்கிலேய பாணிப் பூங்கா இருக்கிறது. அம்மா அங்கே நிழலில் உட்காரலாம். கொஞ்ச தூரத்தில் அதே குடும்பத்தின் "அன்ஹோல்டர் ஷ்வைட்ஸ்" என்ற விலங்குப் பூங்கா. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு ஃபூர்ஸ்ட் சுவிட்சர்லாந்து நினைவில் பாறைகளைக் குவித்து, குளத்துக்கு நடுவில் மரவீடு ஒன்றும் கட்டினார். இன்று அங்கே கரடியும் ஓநாயும் லிங்க்ஸ் பூனையும் இருக்கின்றன. கோட்டை அறைகளில் குழந்தை சலித்துப்போனால் அடுத்த இடம் அதுதான்.

பாலத்தில் நிற்கும்போது செய்யவேண்டிய ஒன்றைச் சொல்கிறேன், இது என் தொழில். சுவர் தண்ணீரைத் தொடும் விளிம்பைப் பாருங்கள். அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் மரம் இருக்கிறது. இந்த மாதிரி ஈர நிலத்தில் பல கோட்டைகள் ஓக் மரக் கழிகளை அடித்து, அவற்றின் மேல் நிற்கின்றன. மரம் நூற்றாண்டுக் கணக்கில் அழுகாமல் இருப்பதற்குக் காரணம் தண்ணீர்தான். நீருக்குள் காற்று புகாது, காற்றில்லாமல் மரத்தைத் தின்னும் பூஞ்சை வாழாது. நீர்மட்டம் இறங்கிக் கழியின் தலை காற்றில் பட்டால், அங்கிருந்து அழுகல் ஆரம்பிக்கும். சுவரில் மேலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைக் கண்டால் நான் முதலில் தண்ணீர் அளவைத்தான் கேட்பேன். 2018, 2019, 2020, 2022 என்று அடுத்தடுத்து வந்த வறண்ட கோடைகளில் இந்தக் கவலை எங்கள் வேலையில் அதிகமாகியது. வீட்டைக் காக்கத் தோண்டியது என்று நாம் நினைக்கும் அகழி இன்று எதிரியைத் தடுப்பதில்லை, அடித்தளத்தைத் தாங்குகிறது. அதிகமானாலும் ஆபத்துதான். 2021 ஜூலை வெள்ளத்தில் எர்ஃப்ட் ஆற்றுப் பக்கம் ப்ளெஸ்ஸெம் கோட்டை கடுமையாகச் சேதமடைந்தது.

அந்தக் கழிகள் இன்னொன்றும் செய்கின்றன: பொய் சொல்லாமல் வயதைச் சொல்கின்றன. ஒரு கழியின் குறுக்குத் துண்டில் வளையங்களை எண்ணி, அகல-குறுகல் வரிசையை ஏற்கெனவே தெரிந்த வரிசையோடு ஒப்பிட்டால், பட்டையோடு ஒட்டிய கடைசி வளையம் மிஞ்சியிருக்கும்போது மரம் வெட்டிய ஆண்டே கிடைத்துவிடும். எனவே வழிகாட்டி சொல்லும் ஆண்டுகளை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். "இந்த வருட ஆவணத்தில் முதன்முதலாகப் பெயர் வருகிறது" என்றால் அது உறுதி. ஆனால் நீங்கள் பார்க்கும் சுவர் அந்த வருடத்துடையது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் எரிந்தும் இடிந்தும் திரும்பக் கட்டியவை இவை. லூடிங்ஹௌசன் ஊரில் இருக்கும் ஃபிஷரிங் கோட்டையை 1271-இல் மியூன்ஸ்டர் பிஷப் கட்டத் தொடங்கினார் என்பது சரி, ஆனால் 1521-இல் அது தீக்கு இரையானது. நீங்கள் ரசிக்கும் ஜன்னல்கள் பிறகு வந்தவை. பக்கத்துத் தேவாலயம் வரை அகழிக்கு அடியில் ரகசியச் சுரங்கம் ஓடுகிறது என்ற கதையைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு நீர்க்கோட்டையிலும் கேட்பீர்கள். நான் போன இடங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஒரு மீட்டர் தோண்டினாலே நீர் ஊறும் மண்ணில், பம்பு இல்லாத காலத்தில், சுரங்கத்தை உலர்வாக வைத்திருப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. சுரங்கம் என்று காட்டப்படுவது பல சமயம் பழைய வடிகால்தான். ஆனாலும் மகன் முன்னால் வழிகாட்டியிடம் இதை வாதாடாதீர்கள், கதை கதையாகவே இருக்கட்டும்.

அம்மாவின் முழங்கால் பற்றி: பாலங்களில் உருளைக்கல் பாவியிருக்கும், உள்ளே சுழல்படி இருக்கும், லிஃப்ட் வைக்கப் பாரம்பரியச் சட்டம் எளிதில் அனுமதிக்காது. எனவே போகும் முன் "எத்தனை படி?" என்று கேட்டு எழுதுங்கள். ரப்பர் அடிச் செருப்பு போதும், குதிகால் வேண்டாம். அன்ஹோல்ட் ஊரில் இப்போது ரயில் நிலையம் இல்லை. எம்பெல்-ரீஸ் வரை ரயிலில் வந்து, பிறகு பேருந்தோ டாக்ஸியோ பிடிக்கவேண்டும். கிராமப் பேருந்துகள் ஞாயிற்றுக்கிழமை மிகக் குறைவு. அம்மாவோடு என்றால் அக்காவின் கார்தான் நல்லது. ரயிலிலேயே வரவேண்டுமென்றால் லூடிங்ஹௌசன் நிலையத்தில் இறங்கி ஃபிஷரிங் போங்கள். வட்ட நிர்வாகம் அங்கே அருங்காட்சியகம் நடத்துகிறது, கேட்க யாரையும் தேடவேண்டியதில்லை. மகனுக்கு வாள்சண்டைதான் வேண்டும் என்றால், தெற்கே ஐஃபெல் பக்கம் ஸாட்ஸ்ஃபை. அதுவும் ஒரு குடும்பத்தின் நீர்க்கோட்டைதான். அவர்கள் வீர விளையாட்டு விழாக்களை நடத்தியே அதைக் காப்பாற்றி வருகிறார்கள். டோர்ஸ்டன் அருகே லெம்பெக் கோட்டையும் மெர்ஃபெல்ட் குடும்பத்துடையது. மே, ஜூனில் அதன் ரோடோடெண்ட்ரான் தோட்டம் பூக்கும், நீங்கள் வரும்போது முடிந்திருக்கும்.

படத்தில் பார்த்த கோட்டை இவற்றில் ஒன்றில்லை, திறக்காத வீடு என்றால், இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. 1993 முதல் ஜெர்மனி முழுவதும் "திறந்த நினைவுச்சின்ன நாள்" நடக்கிறது. வருடம் முழுதும் மூடியிருக்கும் தனியார் வீடுகள் சில அன்றைக்கு மட்டும் திறக்கும். ஜூலையில் வருகிற உங்களுக்கு அது உதவாது, அக்காவுக்கு உதவும். இன்னொன்று, கடிதம். உரிமையாளருக்கு நேரடியாக எழுதாமல் எஸ்டேட் அலுவலகத்துக்கு எழுதுங்கள். இங்கே அதை ரென்டாய் என்பார்கள், சில இடங்களில் கூட்ஸ்ஃபெர்வால்டுங். மூன்று நான்கு வாரம் முன்பே அனுப்புங்கள். எத்தனை பேர், எந்த நாள், ஏன் இந்த வீடு என்று ஐந்து வரி போதும். வெளி முற்றம் வரை பார்த்தாலே போதும் என்று நீங்களே எல்லை வகுத்துக் கேட்டால் சம்மதிக்க எளிதாக இருக்கும். பெயரில் கிராஃப் இருந்தால் அதோடு சேர்த்தே எழுதுங்கள். அது அவர் பெயர். பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதாதீர்கள், அதுவே பதில். சனிக்கிழமையைத் தவிருங்கள். பல கோட்டைகளில் அன்று திருமணப் பதிவு நடக்கும், பாதி இடத்தை மூடிவிடுவார்கள்.

புகைப்படம் எடுக்க, பொதுச் சாலையிலிருந்து என்றால் தயங்கவேண்டாம். உள்ளே வந்துவிட்டால் உரிமையாளர் சொல்வதுதான். உரிமையாளரின் நிலத்துக்குள் நின்று எடுத்த படங்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவதை அவர் தடுக்கலாம் என்று 2010-இல் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. குடும்ப நினைவுக்கு எடுப்பது வேறு, ஆனாலும் கேளுங்கள்: "டார்ஃப் இஷ் ஹியர் ஃபோட்டோகிராஃபீரன்?" இந்த ஒரு வரியை மகனே சொன்னால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். ஜன்னல்களை நோக்கி ஜூம் செய்யாதீர்கள், அங்கே யாரோ காபி குடித்துக்கொண்டிருக்கலாம்.

வார நாளில் காலையிலேயே அன்ஹோல்ட் போய்ச் சேருங்கள். முதலில் அறைகளைப் பாருங்கள், அம்மாவின் கால் அப்போதுதான் ஓய்வாக இருக்கும். மதியம் பூங்காவில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாமா என்று நுழைவுச்சீட்டு ஜன்னலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு விலங்குப் பூங்கா. திறக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், கிளம்புவதற்கு முந்தின நாள் கோட்டையின் சொந்த வலைப்பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ரென்டாய்க்கு எழுதும் கடிதத்தை ஜெர்மனில் சரிபார்க்க வேண்டுமென்றால் இதன் கீழே போடுங்கள், அன்றே திருத்தித் தருகிறேன்.